பஞ்சு கேட்ட பரிந்துரை

நான் மூன்றாம் மாடிக்கு ஏறிப் போனபோது மணி பன்னிரண்டரை இருக்கும். வெளியே மழை. லிஃப்டை நிறுத்திவிட்டார்கள். ஐம்பத்து மூன்று வயது முட்டியை வைத்துக்கொண்டு அத்தனை படியும் ஏறி, மேலே வந்து சுவரைப் பிடித்து நின்று, நிர்வாகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். காது கொடுத்துக் கேட்க அங்கே ஈ காக்கா இல்லை. ஆறாம் வார்டைக் காலி செய்து நாலு நாள் ஆகியிருந்தது. மிச்சம் மீதி சாமான்களுக்குப் பட்டியல் போடுவது மட்டும் என் தலையில் விழுந்திருந்தது.

பதினான்கு வருஷம் அந்த வார்டுக்கு நான்தான் பொறுப்பு நர்ஸ். எத்தனையோ பேருக்கு இந்தக் கையால் கண்ணை மூடிவிட்டிருக்கிறேன். பிணத்தைக் கண்டு பயப்படுகிறவள் இந்த வேலைக்கு வரக்கூடாது என்று புதிதாக வரும் பெண்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் வருவதைக் கேட்டுவிட்டு என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பட்டப்பகலிலும் வார்டுக்குள் அந்தி வெளிச்சம்தான். மெத்தை இல்லாத இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசையாக நின்றன. இத்தனை வருஷம் ஊறிய மருந்து வாடை சுவரைவிட்டுப் போகவில்லை. என் மேஜையும், அதன்மேல் பழைய கம்ப்யூட்டரும், பின்சுவரில் அழைப்புமணிப் பலகையும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு கட்டிலுக்கும் அந்தப் பலகையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. நோயாளி பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிந்து மணி கிர்ரென்று அடிக்கும்.

ஆஸ்பத்திரியையே மூடப்போகிறார்கள். எல்லோரும் ஆளாளுக்கு வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேல் வெள்ளம் போனால் ஜாண் என்ன, முழம் என்ன என்று நான் சும்மா இருந்தேன். வேறு ஊரில் வேலை பார்க்கும் என் மகள்தான் விடவில்லை. அன்றும் போனில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இப்பல்லாம் தெரிஞ்சவங்க மூலமாத்தான் வேலை. அந்தத் தெரிஞ்சவங்க எல்லாரும் நான் சொன்ன அந்த வேலை தேடுற சைட்லதான் இருக்காங்க."

"எனக்குத் தெரிஞ்சவங்க எனக்கு போன் பண்ணுவாங்கடி."

"பண்றாங்களா?"

பண்ணவில்லை. வாயை மூடிக்கொண்டு கம்ப்யூட்டரைப் போட்டேன். அவள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கட்டமாக நிரப்பினேன். படிப்பு, அனுபவம், போட்டோ.

"திறமைகள்னு ஒண்ணு கேக்குதே, என்ன போட?"

"உனக்கு என்ன நல்லா வரும்?"

"அதட்ட வரும்."

"தலைமைப் பண்புன்னு போடு."

சிரித்துக்கொண்டே போட்டேன். அடுத்து, என் போனில் இருக்கும் எண்களை எல்லாம் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று தளம் கேட்டது. சரி என்றேன். எல்லோருக்கும் அழைப்பு அனுப்பவா என்றது. அதற்கும் சரி என்று அமுக்கிவிட்டேன்.

"ஐயோ அம்மா. பாத்துப் பாத்து எடுக்கணும்மா. எத்தனை பேருக்குப் போச்சு?"

"நானூத்திப் பன்னெண்டு."

அவள் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் போனிலேயே கேட்டது. குழாய் ரிப்பேர்காரர், பால்காரர், எட்டு வருஷம் முன்னால் போய்ச் சேர்ந்த என் மாமனார், எல்லோருக்கும் 'உங்களை என் தொழில் வட்டத்தில் சேர்க்க விரும்புகிறேன்' என்று போயிருந்தது. குழாய்க்காரர் உடனே கூப்பிட்டு, "என்னம்மா, திரும்பவும் ஒழுகுதா?" என்று கேட்டார். அவரைச் சமாளித்து வைத்தபோது திரை பளிச்சென்றது.

முதல் ஆள் என் அழைப்பை ஏற்றுக்கொண்டிருந்தார்.

பஞ்சு.

தளத்தில் வந்தது முழுப்பெயர்தான், எனக்கு அவள் என்றைக்கும் பஞ்சுதான். போட்டோவைப் பார்த்தேனே. ஆறாம் வார்டு ஜன்னல் ஓரம், நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு நிற்கிற என் பஞ்சு. நடந்தால் சத்தமே கேட்காது, அதனால் அந்தப் பெயர். பெயருக்குக் கீழே 'செவிலியர், ஆறாம் வார்டு, தற்போது பணியில்' என்று இருந்தது.

அவள் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

செத்தது இதே வார்டில். பதினோராம் கட்டிலில். உடம்பைத் துடைத்துத் துணி போர்த்தியது நான்.

பின்னால் மணி அடித்தது.

திரும்பிப் பார்த்தேன். பலகையில் பதினோராவது விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எலி ஏதாவது ஒயரைக் கடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நடந்தேன். பதினோராம் கட்டில் வெறும் இரும்பாக நின்றது. அதன் பக்கத்தில் மட்டும் ஈர சோப்பு வாசனை அடித்தது. நோயாளியைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவுகிறவள் அவள். அந்த வாசனையை வைத்துத்தான் பின்னால் வந்து நிற்பது பஞ்சு என்று நாங்கள் கண்டுபிடிப்போம்.

கட்டில் தலைமாட்டில் தொங்கிய பொத்தானைத் தொட்டேன். மணி நின்றது.

சத்தம் கேட்டு எலக்ட்ரீஷியன் மேலே வந்தார். "மணி அடிச்சுதா சிஸ்டர்?" என்றார். ஆமாம், அந்த போர்டைக் கழற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஏணியில் ஏறிப் பலகையைத் திறந்தார். உள்ளே பார்த்தவர் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

உள்ளே ஒயரே இல்லை. மூன்று நாள் முன்னால் அவரே உருவியிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பஞ்சுவின் அக்காவுக்கு போன் போட்டேன். தையல்காரி. மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில்தான் எப்போதும் பேசுவாள். தங்கை போனை யாராவது உபயோகிக்கிறார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"இல்லையே சிஸ்டர். அது பீரோவுலதான் கிடக்கு. சார்ஜ் போட்டே ரெண்டு வருஷம் ஆச்சு. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

மிஷின் நின்றது. "கடைசி வரைக்கும் அந்த லெட்டர் வந்துரும், வந்துரும்னு சொல்லிட்டே இருந்தா சிஸ்டர். துணியெல்லாம் கூட மடிச்சு வச்சிருந்தா."

அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பஞ்சுவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. குழந்தைகள் பிரிவு, அவள் ஆசைப்பட்ட இடம். பொறுப்பு நர்ஸ் தருகிற பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. அவளே அதை டைப் அடித்துக் கொண்டுவந்து வைத்தாள். என் கையெழுத்துப் போட்டால் போதும். என் வார்டில் இரண்டு கையும் வேலை செய்கிற ஒரே பெண் அவள்தான். அவளை விட்டுவிட்டு நான் யாரை வைத்துக்கொண்டு மாரடிப்பது? "வார்டுல ஆள் இல்லடி. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். ஒரு தடவை அல்ல, ஐந்து வாரம் இதையே சொன்னேன். அவளும் ஐந்து வாரமும் "சரி சிஸ்டர்" என்றாள். ஆறாவது வாரம் அந்தத் தொற்றுக் காய்ச்சல் வார்டுக்குள் வந்தது. பஞ்சுவுக்குத் தொற்றி ஒன்பதே நாள்.

கையெழுத்துப் போட்டிருந்தால் அவள் அன்றைக்கு அங்கே இருந்திருக்கவே மாட்டாள். இதை இரண்டு வருஷமாக யாரிடமும் நான் சொல்லவில்லை. என் மகளிடம்கூட.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் கொண்டுவந்ததுதான். இரண்டு மணிக்குக் காலை ஷிஃப்ட் முடிந்ததும் கைப்பையைத் தூக்கிக்கொண்டு யாரும் கிளம்பிவிட முடியாது. என் மேஜை முன்னால் நின்று, கட்டில் கட்டிலாக நிலவரம் சொல்லி ஒப்படைக்க வேண்டும். கடைசியில் "போலாமா சிஸ்டர்?" என்று கேட்க வேண்டும். நான் "போ" என்றால்தான் போகலாம். ஒப்படைக்காமல் போனவளை மறுநாள் பிழிந்து எடுத்துவிடுவேன்.

கடைசி நாள் பஞ்சுவின் வாயில் மூச்சுக் குழாய் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பேசாம படுடி. உன்னை எங்கயும் விடமாட்டேன்" என்றேன். பாசத்தில் சொன்ன சொல்தான்.

இரண்டு மணிக்குப் போய்விட்டாள்.

அக்காவிடம் பேசிவிட்டுத் தளத்தைத் திறந்தேன். மேலே ஒரு மணிப் படத்தில் மூன்று என்று இருந்தது. நான் தளத்தில் சேராததால் இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்த செய்திகள். மூன்றும் ஒரே ஆளிடமிருந்து. 'பஞ்சு உங்களிடம் ஒரு பரிந்துரை கேட்டிருக்கிறார்.'

முதல் வேண்டுகோளில், அவள் கடிதத்தை என் மேஜையில் வைத்த வாரத்துத் தேதி. பாவம், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொன்னவளிடம் இப்படியாவது கேட்டுப் பார்ப்போம் என்று அனுப்பியிருக்கிறாள். இரண்டாவது, காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள். மூன்றாவதின் தேதியைக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

அவளை எடுத்துக்கொண்டு போனதற்கு மறுநாள். மதியம் இரண்டு மணி.

மகளுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதக் கதையைச் சொன்னபோது அழுதுவிட்டேன்.

"அந்தத் தேதி ஏதாவது கோளாறா இருக்கும்மா."

"இருக்கட்டும். நான் என்ன பண்ண?"

"எழுதிக் குடுத்துரு. அவ கேட்டது அதான?"

சரிதான். இரண்டு வருஷம் தாமதம், ஆனாலும் கேட்டதைக் கொடுத்துவிட்டால் அவள் போய்விடுவாள். ஒரு கடிதம், ஒரு 'போ'. எழுதுவதாக இருந்தால் ஆறாம் வார்டில் அந்த மேஜையில் உட்கார்ந்துதான் எழுத வேண்டும் என்று எனக்குப் பட்டது.

மறுநாள்தான் கட்டடத்தின் கடைசி நாள். மூன்று மணிக்குப் பூட்டு. ஒரு மணிக்கே மேலே போய்விட்டேன். மழை விடவில்லை. பலகையைக் கழற்றியிருந்த சுவரில் நாலு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த தமிழில் எழுதினேன்.

'இவர் என்னிடம் நாலு வருஷம் வேலை பார்த்தார். நோயாளி கூப்பிடுமுன் போய் நிற்பார். ஒரு நாளும் ஒப்படைக்காமல் போனதில்லை. இவரை விட்டால் வார்டு ஓடாது என்று என் சுயநலத்துக்காக இவரைப் பிடித்து வைத்தேன். அது என் தப்பு. இவரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடு வையுங்கள்.'

எழுதி முடித்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. மணி ஒன்று ஐம்பத்தெட்டு. கீழே 'அனுப்பு' என்று நீலப் பொத்தான். அதன்மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தேன்.

சோப்பு வாசனை வந்தது.

நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பின்னால் வெறும் சுவரிலிருந்து சிவப்பாக ஒரு வெளிச்சம் வந்து, என் கைமேல் பட்டது. திரைக்கு அந்தப் பக்கம் யாரோ கட்டில் கட்டிலாக நின்று நின்று வந்துகொண்டிருந்தார்கள். நடக்கிற சத்தம் இல்லை. கட்டிலைத் தொடும்போது இரும்பு லேசாக முனகுகிற சத்தம் மட்டும். ஒன்று. இரண்டு. மூன்று. வரிசையாக வந்து பதினொன்றோடு நின்றது.

பிறகு மேஜைக்கு முன்னால் காற்று குளிர்ந்தது.

"ஆறாம் வார்டு, பதினோரு கட்டிலும் காலி சிஸ்டர்." மூச்சுக் குழாய் வைத்துப் புண்ணான தொண்டையிலிருந்து வருகிற குரல். ஆனால் அவள் குரல்தான். "ஒப்படைச்சிட்டேன். போலாமா?"

இதற்காகத்தானே வந்தேன். ஒரே ஒரு எழுத்து, 'போ'. வாயைத் திறந்தேன். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கூடவே, இவள் போய்விட்டால் இனி வரவே மாட்டாளே என்று இருந்தது. அந்த ஒரு நொடியில், பதினான்கு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பழகிய வாய், தானாகச் சொன்னது.

"வார்டுல ஆள் இல்லடி. அடுத்த வாரம் பாக்கலாம்."

யாருமே இல்லாத வார்டில் சொன்னேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு, "இல்லடி, இல்ல, போ" என்று எழுந்தேன். அதற்குள் பதில் வந்துவிட்டது.

"சரி சிஸ்டர்."

எப்போதும்போலக் கோபமே இல்லாமல் சொன்னாள்.

சிவப்பு வெளிச்சம் அணைந்தது. பாய்ந்து வந்து அனுப்பு பொத்தானை அமுக்கினேன். நான் எழுதியதெல்லாம் திரையில் இல்லை. அந்த இடத்தில் ஒரு வரி இருந்தது. 'பஞ்சு தம் வேண்டுகோளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.'

கட்டில் கட்டிலாகப் போய்க் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன்தான் மேலே வந்து என் தோளைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனார். மூன்று மணிக்குக் கதவைப் பூட்டினார்கள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு அம்மா கூப்பிட்டார். இன்னொரு ஊர் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நான் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிய நானூற்றுப் பன்னிரண்டில் யாருக்கோ தெரிந்தவராம். நேர்முகத்துக்குப் போனால் பெரிதாகக் கேள்வியே கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை சேரச் சொல்லிவிட்டார்.

"என்னைப் பத்தி ஒண்ணும் விசாரிக்கலையே மேடம்" என்றேன்.

"எதுக்கு? உங்க வார்டுப் பொண்ணு ஒண்ணு சைட்ல உங்க பக்கத்துல எழுதியிருக்கே. படிச்சு எனக்கே கண்ணு கலங்கிருச்சு."

வெளியே வந்து வராந்தாவில் நின்று போனைத் திறந்தேன். என் புரொஃபைலில், நான் கேட்காத ஒரு பரிந்துரை இருந்தது. 'சிஸ்டர் அதட்டுவார். ஆனால் நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்காமல் அவர் சாப்பிட மாட்டார். என்னை விட மனசு வராத அளவுக்கு என்மேல் பாசமாக இருந்தார். அவரை எடுத்துக்கொள்ளுங்கள்.' நான் அவளுக்குக் கொடுக்காததை அவள் எனக்குக் கொடுத்துவிட்டிருந்தாள். யார் யாரோ போகிற வராந்தாவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன்.

பரிந்துரைக்குக் கீழே, எழுதியவருக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று தளமே ஒரு வரி போடும். 'இவருடன் தற்போது பணிபுரிகிறார்' என்று இருந்தது.

புது வார்டு வெளிச்சமானது. ஜன்னல்கள் பெரிசு. பத்துக் கட்டில்கள், என் மேஜைக்குப் பின்னால் பத்து விளக்கு வைத்த பலகை. முதல் நாள் இரண்டு மணிக்குப் பெண்கள் வந்து நின்றார்கள். அவர்கள் ஊர் வழக்கம் வேறு, இருந்தாலும் ஒப்படைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தியையும் ஒரு நிமிஷம்கூட நான் நிறுத்தவில்லை. போ, போ, போம்மா என்று அனுப்பினேன். கடைசிப் பெண்ணும் போனாள்.

அப்போது பின்சுவரில், பத்தாவது விளக்கையும் தாண்டி, பலகைக்கு வெளியே ஒரு சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

பதினொன்று.

ஈர சோப்பு வாசனை என் முதுகுப் பக்கம் வந்து நின்றது.

இந்தத் தடவை நான் தடுமாறவில்லை. எழுந்து நின்று, திரும்பி, அந்தச் சுவரைப் பார்த்துச் சொன்னேன். "போடி. போயிடு கண்ணு. சிஸ்டர் சொல்றேன்ல, போ."

கடைசிக் கட்டிலில் படுத்திருந்தவர் இருமினார். பிறகு அந்தப் புண்பட்ட குரல், என் காதுக்கு வெகு பக்கத்தில், பணிவாகச் சொன்னது.

"வார்டுல ஆள் இல்லையே சிஸ்டர். அடுத்த வாரம் பாக்கலாம்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வருகைப் பதிவேட்டைத் திறந்தேன். எல்லோருக்கும் முன்னால் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.